பாயில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த டிவி: தஞ்சாவூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து தங்கை போன் செய்தாள். “அண்ணே, டிவி விழுந்துருச்சு.” டிவியைப் பற்றி நான் கேட்கவில்லை. “பிள்ளைங்க?” என்றேன். “ஒண்ணும் இல்லண்ணே. தம்பிக்குத் தோள்ல லேசா சிராய்ப்பு” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கும்பகோணத்தில் 2007-லிருந்து டிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விழுந்து உடைந்த டிவி மாதத்துக்கு ஒன்றிரண்டு கடைக்கு வரும். போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்து, “பையன் தள்ளிட்டான், பேனல் மாத்த எவ்வளவு ஆகும்?” என்பார்கள். விலையைச் சொல்வேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். இத்தனை வருடமும் விழுந்த டிவியைத்தான் பார்த்திருக்கிறேன். அது விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அந்த வீட்டில் வேறு டிவி வாங்கி மாட்ட ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் என்னென்ன பார்த்தோம், எதை எதற்காக முடிவு செய்தோம், ஏழு மாதம் கழித்து அது எப்படி இருக்கிறது என்பதை எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு டிவி வாங்கப் போகிறவர்கள் கடைப்படி ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்தால் எனக்குச் சந்தோஷம்.

எப்படி விழுந்தது

வாடகை வீடு, தரைத்தளம். ஹால் 10 அடிக்கு 13 அடி. தங்கை, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா (நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்), ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஆறு வயது மருமகள், மூன்று வயது முடிந்த மருமகன். சோபா இல்லை. அத்தைக்கு ஒரு நாற்காலி. மற்ற எல்லோரும் பாயில்தான்.

32 இன்ச் டிவி, மூன்று இழுப்பறை வைத்த இரண்டரை அடி மர மேசையின் மேல் இருந்தது. ரிமோட்டைப் பிள்ளைகள் எடுக்கக் கூடாது என்று அதை டிவிக்குப் பின்னால் வைப்பது அந்த வீட்டுப் பழக்கம். அன்றைக்குச் சின்னவன் கீழ் இழுப்பறையை இழுத்து அதில் ஏறி, நடு இழுப்பறையை இழுத்து அதிலும் ஒரு கால் வைத்து, ரிமோட்டை எட்டுவதற்காக டிவியின் விளிம்பைப் பிடித்திருக்கிறான். டிவி முன்னால் சாய்ந்துவிட்டது. மேசைக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் டிவியின் மேல்விளிம்பு மோதி நின்றது. பையன் பக்கவாட்டில் சறுக்கி விழுந்தான். நாற்காலி இல்லாமல் இருந்திருந்தால் டிவி நேராக அவன் மேல் வந்திருக்கும்.

அந்த நாற்காலி ஏன் அங்கே கிடந்தது என்பதை அன்றைக்கு நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

காரணம் இரண்டு. முதலாவது, இப்போதைய டிவிகளின் எடை. 32 இன்ச் டிவி நாலைந்து கிலோதான். இரண்டு ஓரத்திலும் ஒரு ஜாண் அகலக் கால்கள். மேல்விளிம்பை ஒரு குழந்தை பிடித்து இழுத்தால் கவிழ்ந்துவிடும். நான் தொழில் பழகியது 2006-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த 14 இன்ச் இலவச வண்ணத் தொலைக்காட்சிகளில்தான். அந்தக் காலத்துப் படக்குழாய் டிவிகளில் கனமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கும். 21 இன்ச் என்றால் 20 கிலோவுக்குக் குறையாது. அது விழுந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஆனால் லேசில் அசையாது. இப்போதுள்ளது அதைப் போல் நசுக்காது. ஆனால் லேசாகத் தொட்டாலே வந்துவிடும். 55 இன்ச்சுக்கு மேல் போனால் 15 கிலோ அளவுக்கு எடையும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். பிள்ளைக்கு வேண்டிய பொருளை உயரத்தில் வைத்து, அதற்குக் கீழே படிக்கட்டு மாதிரி இழுப்பறைகளையும் வைத்துவிட்டோம். மூன்று வயதுப் பிள்ளை ஏறத்தான் செய்யும். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் டிவியையும் இழுப்பறை மேசைகளையும் சுவரோடு கட்டிவையுங்கள் என்று 2015-லிருந்து தனி இயக்கமே நடத்திவருகிறது. நம் ஊரில் டிவி விற்கிற யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனை வருடம் நானும் சொன்னதில்லை.

பழைய டிவியைச் சரி செய்யலாமா

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். செய்ய வேண்டியதில்லை. பேனல்தான், அதாவது படம் தெரியும் திரைதான், டிவியின் விலையில் பாதிக்கு மேல். உடைந்த பேனலை வாரண்டி ஏற்காது. கூடுதல் பணம் கட்டி நீட்டித்த வாரண்டியும் ஏற்காது, “விபத்துச் சேதம்” என்று அதில் தனியாக எழுதியிருந்தாலொழிய. மெயின் போர்டும் பவர் போர்டும் நன்றாக இருந்தன. அவற்றை ஸ்பேருக்கு எடுத்துக்கொண்டு, பேனலை மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தேன்.

யாருக்கு என்ன வேண்டும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மாப்பிள்ளை ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். “55 இன்ச் போட்டுடலாம் மச்சான். இனிமே பத்து வருஷத்துக்கு மாத்த வேண்டாம்.” அத்தைக்கு சீரியலில் பேசுவது காதில் விழ வேண்டும், ரிமோட்டில் பொத்தான் குறைவாக இருக்க வேண்டும். தங்கைக்கும் பெரிய டிவிதான் வேண்டும். காரணம் கேட்டேன்.

“பாப்பா எப்பவும் கிட்டப் போய் உட்கார்ந்துக்கிறா அண்ணே. எத்தனை தடவ சொன்னாலும் நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிறா. படம் சின்னதா இருக்கறதாலதான். கண்ணு கெட்டுப் போகும்ல?”

பாப்பா இழுத்துப் போட்ட நாற்காலிதான் தம்பியைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 32 இன்ச் படத்தை ஆறேழு அடியிலிருந்து பார்க்க ஒரு குழந்தைக்குக் கஷ்டம் இருக்கவே கூடாது. என் கடை டிவி 32 இன்ச்தான். பத்தடி தள்ளி நிற்பவர்கள் ஸ்கோரைப் படிப்பார்கள். எனக்கு மனதில் ஏதோ உறுத்தியது. சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. பாப்பாவைப் பாயில் உட்காரவைத்து, “அதுல என்ன போட்டிருக்கு, படி பார்ப்போம்” என்றேன். “31” என்றாள். “அதுக்குக் கீழ?” கண்ணைச் சுருக்கினாள், எழுந்து நடக்கப் போனாள். “உட்கார்ந்த இடத்திலேருந்தே படி” என்றேன். “தெரியல மாமா.” அவள் அம்மாவால் அதே இடத்திலிருந்து கிழமையைப் படிக்க முடிந்தது.

புதன்கிழமை கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. மைனஸ் ஒன்றரைக்குப் பக்கம். கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். பள்ளியில் கரும்பலகையைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்துதான் இத்தனை நாள் எழுதியிருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. தங்கைக்கு அதைக் கேட்டு மனசே ஆறவில்லை.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிட்ட உட்கார்ந்து டிவி பார்த்தால் கண் கெட்டுவிடும் என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். பல நேரம் விஷயம் தலைகீழ். கண் சரியாகத் தெரியாததால்தான் பிள்ளை கிட்டப் போகிறது. பெரிய டிவி வாங்கியிருந்தால் அவள் பாயிலேயே உட்கார்ந்திருப்பாள், நாங்களும் பிரச்சினை தீர்ந்தது என்று விட்டிருப்போம். கிட்டப்பார்வை இன்னும் ஒரு வருடம் தெரியாமல் போயிருக்கும். அதனால் என் கடைக்கு வந்து, பிள்ளை கிட்டப் போகிறது, பெரிய டிவி எது நல்லது என்று யாராவது கேட்டால் இப்போது நான் முதலில் கண் டாக்டரிடம்தான் அனுப்புகிறேன்.

காத்திருந்த நாட்கள்

செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் வரியைக் குறைத்து அறிவித்தது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆகும், செப்டம்பர் 22 முதல் அமல் என்றார்கள். 32 இன்ச் வரை 2019-லிருந்தே 18 சதவீதம்தான், அதில் மாற்றம் இல்லை. சரி, இன்னும் மூன்று வாரம் பொறுப்போம் என்று முடிவு செய்தோம். இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். வரி 10 புள்ளி குறைந்தால் விலை 10 சதவீதம் குறையாது. வரி சேர்க்காத விலை 25,000 ரூபாய் என்றால் முன்பு 32,000, இப்போது 29,500. குறைந்தது 2,500, அதாவது 8 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. தீபாவளித் தள்ளுபடி என்று கடைக்காரர் சொல்வதில் எவ்வளவு வரிக்குறைப்பு, எவ்வளவு நிஜத் தள்ளுபடி என்று பிரித்துப் பார்க்க இந்தக் கணக்கு உதவியது.

டிவி இல்லாத அந்த நாட்களில் வீடு எப்படி இருந்தது என்று தங்கை சொன்னாள். முதல் நாலைந்து நாள் சின்னவன் சாப்பிட மறுத்து அழுதிருக்கிறான். டிவியைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து பழகியவன். இரண்டாவது வாரம் அத்தை பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கியிருக்கிறார். பாப்பா சாயங்காலம் தெருவில் விளையாடப் போக ஆரம்பித்தாள். வீட்டில் டிவி எப்போது நிஜமாகவே வேண்டியிருந்தது, எப்போது வெறும் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. சாப்பாட்டு நேரமும் இரவு ஏழு மணிக்கு மேலும் ஓடியதுதான் பெரும்பகுதி.

ஹாலை அளந்தது

டேப்பை எடுத்து அளந்தோம். பழைய டிவி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. பகலில் வாசல் வெளிச்சம் முழுக்க அதில்தான் விழும். அதனால்தான் அந்த வீட்டில் பகலிலும் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். பக்கவாட்டுச் சுவரில், அலமாரிக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவில் நாலடி இடம் இருந்தது. அங்கே வெளிச்சம் அடிக்காது. பாயிலிருந்து அந்தச் சுவருக்கு ஏழடி.

55 இன்ச் டிவியின் அகலமே நாலடி. கதவைத் திறந்தால் இடிக்கும். மாப்பிள்ளைக்கு முகம் வாடியது. நியாயமாகச் சொன்னால், ஏழடி தூரத்துக்கு 55 இன்ச் அதிகமில்லை. சினிமா பார்க்கிறவர்கள் சொல்லும் கணக்குப்படி சரியான அளவுதான். இடம் ஒரு தடை, இன்னொரு தடை அந்த வீட்டில் ஓடும் படம். அத்தை பார்ப்பது கேபிளில் வரும் சாதாரணச் சேனல்கள். அதில் படம் 720-க்கு 576 புள்ளிகள்தான். 4கே திரையில் 3840-க்கு 2160 புள்ளிகள் இருக்கின்றன. இல்லாத புள்ளிகளை டிவி தானே ஊகித்து நிரப்புகிறது. திரை பெரிதாக ஆக, அந்த மங்கலும் பெரிதாகத் தெரியும். 55 இன்ச் வாங்கிப் போட்டுவிட்டு, “புது டிவில படம் கிளியரா இல்ல, வந்து பாருங்க” என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் வீட்டில் பாதி நேரம் விஷயம் இதுதான்.

50 இன்ச் அந்த இடத்தில் அடங்கும். இருந்தும் 43-க்கு வந்தோம். சின்னவன் பாயில் இருக்க மாட்டான், நாலடிக்கு ஓடிவந்து நிற்பான். அந்தத் தூரத்தில் 43 இன்ச்சே அவன் கண்ணுக்கு முன்னால் பெரிய சுவர் மாதிரிதான். மிச்சமாகும் பணத்தில் நல்ல சுவர் ஸ்டாண்டும், ஒயர்களை மறைக்கும் கேசிங் பட்டி வேலையும் செய்துவிடலாம்.

கடையில்

செப்டம்பர் 27, சனிக்கிழமை. கடையில் எல்லா டிவியும் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பூக்கள், மீன்கள், பனிமலை. அது கடைக்கென்றே வைக்கிற அமைப்பு. அதைப் பார்த்து டிவி வாங்கக் கூடாது. “ஸ்டாண்டர்ட் மோட்ல வைங்க தம்பி, தமிழ் நியூஸ் ஒண்ணு போடுங்க” என்றேன். அங்கேயே இரண்டு டிவி தேர்விலிருந்து விழுந்துவிட்டன: தோலின் நிறம் செங்கல் மாதிரி இருந்தது.

அப்புறம் தங்கையையும் பாப்பாவையும் தரையில் உட்காரச் சொன்னேன். தங்கை கூச்சப்பட்டாள். விற்பனைப் பையன் நல்ல பையன், ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துக் கொடுத்தான். நின்றுகொண்டு நேராகப் பார்த்தால் எல்லா டிவியும் நன்றாகத்தான் இருக்கும். தரையிலிருந்து அண்ணாந்து, ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒன்றில் கறுப்பெல்லாம் சாம்பலாகி, நிறம் வெளுத்துப் போனது. பேனல்களில் விஏ என்று ஒரு வகை, ஐபிஎஸ் என்று ஒரு வகை. விஏவில் கறுப்பு ஆழமாக இருக்கும், ராத்திரி விளக்கணைத்துப் படம் பார்க்க அழகு. ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் போகும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு கொஞ்சம் மட்டம். ஆனால் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் படம் மாறாது. ஐந்து பேர் ஐந்து இடத்தில் உட்காரும் ஹாலுக்கு ஐபிஎஸ்தான் என்று முடிவாயிற்று. ஒரே சோபாவில் நேராக உட்கார்ந்து பார்க்கிற வீடாக இருந்தால் மற்றதைச் சொல்லியிருப்பேன்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி டிவி பக்கம் போகவே இல்லை. விலை ஒரு காரணம். ஒரே சேனலின் முத்திரை மூலையில் மணிக்கணக்காக நிற்கும் வீட்டில் அதன் தடம் திரையில் பதிந்துவிடக்கூடும் என்பது இன்னொரு காரணம். கியூஎல்இடி என்பது வேறு தொழில்நுட்பம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் எல்சிடி பேனல்தான், நிறத்துக்காக ஒரு படலம் கூடுதலாக இருக்கும்.

ஏழடியிலிருந்து 43 இன்ச்சில் ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அப்படியும் 4கே வாங்கியதற்குக் காரணம் படம் அல்ல. அந்தக் கடையில் 43 இன்ச்சில் 2 ஜிபி ரேம் (டிவி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) இருந்தது 4கே மாடல்களில்தான். ரேம் குறைந்த ஸ்மார்ட் டிவி இரண்டு வருடத்தில் பொத்தானை அழுத்தினால் யோசிக்க ஆரம்பித்துவிடும். பொறுமையில்லாமல் பெரியவர்கள் ரிமோட்டைத் தட்டுவார்கள், பிள்ளைகள் எறிவார்கள்.

தீபாவளிச் சலுகை என்று ஒரு சவுண்ட்பாரை இலவசமாகத் தந்தார்கள். அதன் குட்டி ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே காசு மாதிரி தட்டையான பேட்டரி. மூடியில் திருகாணி இல்லை, நகத்தால் தள்ளினால் திறக்கிறது. அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை எரித்துவிடும். விழுங்கியதே வீட்டில் யாருக்கும் தெரியாமல் போகலாம். மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம் என்று சொல்லி, பதிலுக்கு சுவர் ஸ்டாண்டைக் கேட்டு வாங்கினோம். டிவி ரிமோட்டில் போடுகிற குச்சி பேட்டரியில் அந்த அளவு ஆபத்து இல்லை. இருந்தாலும் அதன் மூடியை டேப் போட்டு ஒட்டினேன்.

பில் 27,500 ரூபாய்.

மாட்டியது

வீட்டு ஓனர் சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். மாப்பிள்ளை நேரில் போய், பையன் விழுந்த கதையைச் சொன்னார். அவரும் பேரன் பேத்தி எடுத்தவர். “நாலு ஓட்டைதானே, போட்டுக்குங்க. காலி பண்ணும்போது பூசிக் கொடுத்துடுங்க” என்றார். அவர் சம்மதித்திருக்காவிட்டால், டிவியின் பின்பக்கத் துளையில் நாடா கட்டி, சுவரில் ஒரே ஒரு கொக்கியில் மாட்டுவதாக இருந்தோம். ஒரு கொக்கிக்கு யாரும் மறுக்க மாட்டார்கள். மேசைமேல் டிவி வைத்தே ஆக வேண்டிய வீடுகள் அதையாவது செய்துவிட வேண்டும்.

29-ஆம் தேதி மாட்ட வந்த தம்பி வழக்கம்போல நாலரை அடியில் கோடு போட்டார். நின்றுகொண்டு பார்க்கிற உயரம் அது. பாயில் உட்காரும் ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து இரண்டடிதான் இருக்கும்; ஒரு மணி நேரம் அண்ணாந்தே இருந்தால் கழுத்து என்னாவது? சுவரில் வெறும் அட்டையை ஒட்டி, எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்காரவைத்துப் பார்த்தோம். டிவியின் கீழ்விளிம்பு மூன்றேகால் அடி, மேல்பக்கம் லேசாக முன்சாய்வு என்று முடிவானது. சின்னவன் கையை நீட்டினால் விளிம்பைத் தொடுவான், பிடித்துத் தொங்க முடியாது. அதற்குக் கீழே மேசை, ஸ்டூல், பொம்மைப்பெட்டி எதுவும் கிடையாது. சுவரில் மாட்டியாகிவிட்டது என்று கீழே ஷோகேஸ் போட்டால் மறுபடியும் ஏணி தயார்.

துளை போட்டதில் ஒரு குறை. போல்ட்டைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது, செங்கல் வரை போகவில்லை. அரை அங்குலப் பூச்சில் நிற்கும் போல்ட் ஒரு நாள் பெயர்ந்து வந்துவிடும். நான் பக்கத்தில் இருந்ததால் தெரிந்தது. நாலு துளையையும் ஆழப்படுத்தி, நீளமான பிளக் வைத்து மாட்டினோம். உங்கள் வீட்டில் மாட்டும்போது டிரில் பிட்டில் வரும் தூள் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறம் என்றால் இன்னும் பூச்சு, சிவப்பு வந்தால் செங்கல். டிவியின் பின்பக்கத்தில் போடும் திருகாணி நீளமாக இருந்தாலும் ஆபத்துதான். உள்ளே போர்டில் குத்திவிடும்.

தொங்கும் ஒயரும் பிள்ளைக்குக் கயிறுதான். எல்லாவற்றையும் கேசிங் பட்டிக்குள் விட்டோம். செட்டாப் பாக்ஸுக்கு டிவி பக்கத்தில் நாலடி உயரத்தில் ஒரு சின்னத் தட்டு. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றிவிட அத்தையைப் பழக்கினேன். மின்னல் பல நேரம் கேபிள் வழியாக வந்து, செட்டாப் பாக்ஸ் ஒயரை டிவியில் செருகும் எச்டிஎம்ஐ போர்ட்டைத்தான் சுடும்.

இரண்டாம் நாள் ஆயுத பூஜை. இதை எழுதாமல் விட முடியாது. ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூஜை முடிந்த வாரம் திரையில் கோடு விழுந்த டிவிகள் எனக்கு வரும். பழைய டிவியில் பொட்டு வைக்க அகலமான பிளாஸ்டிக் ஓரம் இருந்தது. இப்போது ஓரமே இல்லை. கரைத்த சந்தனத்தைத் திரையின் கீழ்விளிம்பில் வைத்தால் ஈரம் உள்ளே இறங்கும், பேனலுக்குப் படம் கொண்டுபோகும் மெல்லிய பட்டைகள் பல டிவிகளில் அங்கேதான் இருக்கின்றன. ஈரத்துணியால் துடைப்பதும் திரையில் நேராகத் தெளிப்பதும் அதே கதைதான். அத்தை டிவிக்கு மேலே சுவரில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார். உலர்ந்த மென்துணி ஒன்றைத் துடைக்கவென்றே கொடுத்துவிட்டு வந்தேன்.

என்ன பார்ப்பது, எவ்வளவு நேரம்

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு முதல் ஐந்து வயதுக்கு ஒரு மணி நேரம், ஐந்துக்கு மேல் பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள் என்கிறது. இந்த எண்களைச் சுவரில் ஒட்டிவைப்பதால் ஒன்றும் நடக்காது என்று தங்கை சொன்னாள், அவள் சொன்னது சரி. அந்த வீட்டில் நேரத்தைத் தின்றது கார்ட்டூன் அல்ல, அத்தையின் இரவு சீரியல். அத்தையிடம் யாராலும் அதைச் சொல்ல முடியவில்லை.

வழி டிவியிலேயே இருந்தது. ரிமோட்டில் இருக்கும் மைக் பொத்தானைக் காட்டி, “சீரியல் பேர சொல்லுங்க அத்தை” என்றேன். தமிழில் சொன்னார், போன வாரத்து எபிசோடுகள் வரிசையாக வந்து நின்றன. “அப்ப மத்தியானமே பாத்துக்கலாமா தம்பி?” என்று அவரே கேட்டார். பாப்பா பள்ளியில் இருக்கும் நேரத்தில் முந்தின நாள் சீரியலைப் பார்ப்பது இப்போது அவர் பழக்கம். சின்னவன் தூங்குகிற நேரமும் அதுதான்.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு, பெரியவர்கள் கணக்குக்கு நாலு இலக்கப் பின் எண். மத்திய அரசின் 2021 விதிகளின்படி ஓடிடி படங்களுக்கு யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயதுக் குறி போட வேண்டும்; அதை வைத்து 7+ வரை மட்டும் திறந்துவைத்தோம். அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தினோம். என் அனுபவத்தில் பின் எண்ணைவிட அதுதான் அதிகம் உதவியது. ஒன்று முடிந்ததும் திரை நின்றால், பிள்ளையும் எழுந்துவிடுகிறது. நாம் எதைப் பார்க்கிறோம் என்று டிவி அடையாளம் கண்டு அனுப்புகிற வசதி ஒன்று உண்டு. அமைக்கும்போது வேகவேகமாக “சம்மதம்” என்று அழுத்திவிடுவோம். அமெரிக்காவில் அனுமதி கேட்காமல் இதைச் செய்ததற்காக விசியோ நிறுவனம் 2017-ல் 22 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. தேடிப் பிடித்து அதையும் அணைத்தேன்.

ஏழு மாதம் கழித்து

இது 2026 ஏப்ரல். முழுப் பரீட்சை விடுமுறை, வெயில், பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். ஒரு மணி நேரக் கணக்கு நிற்கவில்லை. சின்னவன் இப்போது ஒன்றரை, இரண்டு மணி நேரம் பார்க்கிறான். சாப்பாட்டு நேரத்தில் டிவி கிடையாது என்பது மட்டும் உடையவில்லை. ரிமோட் இப்போது டிவி பக்கத்தில் இல்லை, சமையலறை வாசலில் தங்கை கண் படும் ஆணியில் ஒரு பையில் தொங்குகிறது. மாப்பிள்ளை இன்னும் கிரிக்கெட் நாளில் 55 இன்ச்சை நினைத்துக்கொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். டிவியைக் கழற்றி நாலு போல்ட்டையும் ஆட்டிப் பார்த்து, ஒன்றை மட்டும் அரைச் சுற்று இறுக்கினேன். கீழே பாயில் பாப்பா கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பார்த்து அத்தைக்கு ராகு காலம் படித்துக் காட்டினாள், நாலரையிலிருந்து ஆறு என்று.